ஒரு கரண்டியில் உப்பு தெரியாது

மதியச் சாப்பாட்டுப் பொறுப்பு என்கிற உத்தியோகம் காதில் தொடங்கி, மூக்குக்கு ஏறி, கடைசியில் முழங்காலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு அது தொடங்கிய சத்தம் இன்னும் கேட்கிறது.

இந்த வேலையை யாரும் விரும்பி வாங்குவதில்லை. ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் "இனி சாப்பாட்டை யார் பார்த்துக்கொள்வது" என்று கேட்கும் நேரத்தில் எவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாரோ, அவர் தலையில் விழும். நான் ஒரு பலாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கான இந்த மலரில் இதைப் படிக்கிற நீங்களும் ஏதோ ஒரு மரத்தைப் பார்த்து மாட்டிக்கொண்டவர்களாகத்தான் இருப்பீர்கள். அரிசி வரும் வாரத்தில் பருப்பு வராது, இரண்டும் வந்த நாளில் கேஸ் தீரும், மூன்றும் இருக்கிற நாளில் ஹர்த்தால் நடக்கும். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வெயிலில் தூறல்

திருவனந்தபுரம் சாலை பஜாருக்குப் பின்னால், தமிழில் பாடம் நடக்கிற சின்னப் பள்ளிக்கூடம் எங்களுடையது. மூட்டை தூக்குகிறவர்கள், ஓட்டலில் மாவாட்டுகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், இவர்களுடைய பிள்ளைகள்தான் பெரும்பாலும். எம்.ஏ. தமிழ் படித்த சூட்டோடு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் நாள், சாப்பாட்டு மணிக்கு முந்தின நாலாவது பீரியடில், மழையைப் பற்றிய ஒரு பழைய பாட்டை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது அடியில் தகரக் கூரையில் தூறல் விழ ஆரம்பித்தது. முதலில் ஒரு மூலையில், பிறகு நடுவில், பிறகு வகுப்பு முழுக்க. பாட்டுக்கு வானம் தாளம் போடுகிறது என்று எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

ஜன்னலைப் பார்த்தேன். கண்ணைக் குத்துகிற வெயில். தூறல் மட்டும் நிற்கவில்லை. "வெயிலோட மழை பெய்யுது பார்" என்றேன். முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் பைக்குள் விட்டிருந்த கையை வெளியே எடுத்தாள். விரலில் நகம் இருந்தது, பையில் எவர்சில்வர் தட்டு இருந்தது. எல்லாப் பைகளிலும் இருந்தது. அவள் மிகவும் பொறுமையாக எனக்குச் சொன்னாள்:

"மழையில்ல டீச்சர், பிளேட்டு. நீங்க பாட்டை முடிச்சா அதுவும் நிக்கும்."

ஓய்வு

பலாமரம் பார்த்து மாட்டிக்கொண்டது அதற்குப் பல வருஷம் கழித்து. அதன் பிறகு பாட்டும் நானே, சாம்பாரும் நானே. ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். இனிமேல் நேரத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாதவர்களுக்கு ஏன் கடிகாரம் கொடுக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

வலியசாலையில் வீடு. அவர் போய் நாளாயிற்று. மகன் தூர தேசத்தில். ஒரு தட்டு, ஒரு தம்ளர். வீட்டில் பாத்திரம் விழுந்தால்தான் பேச்சுக் குரல் கேட்ட மாதிரி இருக்கும். நாலு நாள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்தார். நாகர்கோவில்காரர், மரியாதை தெரிந்தவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காப்பியை ஆற்றியபடி விஷயத்துக்கு வந்தார்:

"தமிழுக்குப் புது ஆள் வந்தாச்சு டீச்சர். சாம்பாருக்குத்தான் யாரும் வரல்ல."

ருசிக்கு ஆள் தேவை

பிள்ளைகளுக்குப் போடும் முன்னால் சாப்பாட்டை ஓர் ஆசிரியரும் ஒரு பெற்றோரும் ருசி பார்க்க வேண்டும் என்று விதி. ராஜாக்கள் விஷத்துக்குப் பயந்து இப்படி ஆள் வைத்திருந்தார்களாம். எங்களுக்கு விஷ பயம் கிடையாது. விலாசினியின் சாம்பாரில் விஷமே விழுந்தாலும் நீர்த்துப்போகும். விலாசினி எங்கள் சமையல்காரி, நெய்யாற்றின்கரைக்காரி. மலையாளத்தில் கோபப்பட்டு, தமிழில் சமாதானம் ஆவாள்.

ஆசிரியர் பங்குக்கு நான் இருந்தேன். பெற்றோர் பங்குக்கு ஆள் வேண்டுமே. பெற்றோர் கூட்டத்தில் கேட்டோம். ஒருவருக்குக் கடை, ஒருத்திக்கு ஃபிளாட்டில் பாத்திர வேலை, ஒருவர் தன் நாக்குக்கு ருசியே தெரியாது என்று சத்தியம் செய்தார்; அவர் மனைவி அது வாஸ்தவம் என்று தலையாட்டினாள். எல்லோரும் பலாமரம் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. செல்வராணி. தென்காசிப் பக்கம். மூன்றாம் வகுப்பில் படிக்கிற முத்து என்ற பெண்ணின் அம்மா. புருஷன் விழிஞ்ஞம் துறைமுகத்தில் கான்கிரீட் வேலை. இவள் விடிகாலையில் ஓட்டல்களுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுப்பவள். மத்தியானம் கை ஒழிந்துவிடும்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே தலை வாரி, பொட்டு வைத்து வந்து நின்றாள். கரண்டியில் கொஞ்சம் சாம்பார் எடுத்து அவள் உள்ளங்கையில் விட்டேன். அவள் அதைக் கோயில் தீர்த்தம் போல ஒரு நிமிஷம் பார்த்தாள். குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அண்டாவைப் பார்த்துச் சொன்னாள்:

"ஒரு கரண்டியில உப்பு தெரியாது டீச்சர். சோத்தோட பிசைஞ்சு பாத்தாத்தான் சொல்ல முடியும்."

உளவாளி

நியாயம்தானே என்று ஒரு தட்டில் சோறும் சாம்பாரும் தேங்காய்ப் பொரியலான தோரனும் வைத்துக் கொடுத்தோம். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல், தியானம் செய்கிற மாதிரி சாப்பிட்டாள். முடிவில் "உப்பு சரி, காரம் கம்மி" என்று தீர்ப்பு. மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். மற்ற பள்ளிக்கூடங்களில் பெற்றோரை ருசி பார்க்க இழுத்துவர வேண்டியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இவள் மணி அடிப்பதற்கு முன்னால் நிற்கிறாள்.

மேலே ஏதோ ஆபீசிலிருந்து அனுப்பிய ஆள் என்று விலாசினி முடிவு கட்டினாள். எம்.ஏ. படித்த எனக்கு அதற்கு மேல் கற்பனை. இவள் தினமும் ஒரு குறை சொல்லி, மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கோர்த்து ஒரு மனு போடப்போகிறாள் என்று நினைத்தேன். பயம் நல்ல சமையல்காரி. கீரை மூன்று தண்ணீரில் அலசப்பட்டது. ஆணியில் தூசி படிந்து தொங்கிய சமையல் தொப்பி விலாசினியின் தலைக்கு வந்தது. ஒரு வாரம் நாங்கள் இப்படி நடுங்கினோம். அப்புறம் ஒரு நாள், கழுவுவதற்கு எடுத்த தட்டைக் கையில் பிடித்தபடி விலாசினி என்னிடம் வந்தாள். தட்டு ஏற்கனவே கழுவிய மாதிரி மினுங்கியது. தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள்:

"குத்தம் பார்க்க வந்தவ தட்டை வழிச்சு நக்க மாட்டா டீச்சரே."

நல்ல சாம்பாரின் தொல்லை

விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். முத்துவின் அப்பா ஒரு கான்ட்ராக்டரை விட்டு இன்னொரு கான்ட்ராக்டரிடம் போயிருந்தார். பணம் வருகிற மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. முத்துவுக்கு மத்தியானம் நாங்கள். முத்துவின் தம்பிக்கு அங்கன்வாடி. காலையில் வீட்டில் எல்லோருக்கும் பால் விடாத கட்டன் சாயா. ராத்திரி இருப்பதைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, செல்வராணி பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பாள். பிள்ளைகளுக்கு இரண்டு இலாகாக்கள் இருந்தன, அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. அந்த வாளியின் மேல் உட்கார்ந்து சாப்பிடுகிற தட்டுத்தான் அவளுக்கு அன்றைய சாப்பாடு. அது போனால் அந்த நாள் போயிற்று.

நாங்கள் ஒன்றும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. விலாசினி தட்டை மட்டும் பெரிதாக்கினாள். ஆனால் செல்வராணி சும்மா சாப்பிடுகிற ஜாதியில்லை. தின்ற சோற்றுக்குத் தினமும் ஓர் அபிப்பிராயம் கொடுத்தாக வேண்டும் என்று வைத்திருந்தாள். "பயறு நேத்து பேசிச்சு. இன்னைக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு கெடக்கு" என்பாள். இரண்டு தாள் நிறைய விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சுருக்கம் வராது. ஒரு நாள், மல்லியை வறுத்துப் பொடித்துக் கடைசியில் தூவினால் என்ன என்று கேட்டாள். விலாசினி மலையாளத்தில் அரைமணி நேரம் முணுமுணுத்துவிட்டு அப்படியே செய்தாள்.

அங்கே பிடித்தது சனி. பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்டார்கள். வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருகிறவர்கள் டப்பாவை மூடிவிட்டு வரிசைக்கு வந்தார்கள். வருகைப் பதிவேட்டில் பெயராக மட்டுமே வாழ்ந்துவந்த இரண்டு பேர் உடம்போடு வந்து சேர்ந்தார்கள். தன் கைக்காசில் பருப்பும் காய்கறியும் வாங்கிப் போடுகிற தலைமையாசிரியர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்:

"டீச்சர் தப்பா நினைக்கப்படாது. இந்த சாம்பாரைக் கொஞ்சம் மோசமாக்க முடியுமா?"

வானவில் தட்டு

ஊட்டச்சத்து பற்றி வகுப்பெடுக்க ஒரு மேடம் வந்தார். நல்ல மனசு, நல்ல புடவை. திரையில் ஒரு தட்டைக் காட்டினார். தட்டில் ஏழு நிறத்தில் காய், பழம், கொட்டை. சாப்பாடு வானவில் மாதிரி இருக்க வேண்டுமாம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பாதாம் எந்த மரத்தில் காய்க்கும், அந்தப் பச்சைப் பூவுக்குப் பெயர் என்ன என்று ஆயிரம் கேள்வி. சினிமா பார்க்கிற சந்தோஷம். கதாநாயகன் காரை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று யாரும் கேட்பதில்லையே.

மேடம் அடுத்ததாகக் காலை உணவின் முக்கியத்துவத்துக்கு வந்தார். ராஜா மாதிரி காலைச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, முன்வரிசையில் இருந்த முத்துவிடம், "மோள் காலையில் என்ன சாப்பிடுவாய்?" என்று கேட்டார். முத்து எழுந்து நின்று யோசித்தாள். மேடத்துக்குப் பள்ளிக்கூட நடைமுறை தெரியவில்லை, பாவம் என்ற முகபாவத்தோடு விளக்கினாள்:

"காலைல நாங்க ஸ்கூலுக்கு வருவோம் மேடம். சாப்பாடு மத்தியானம்."

வலியசாலைச் சாப்பாடு

ஐந்தாம் வகுப்பு ஜானகி எங்கள் தெருப் பெண். அப்பா பஜாரில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கணக்கைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. அவர் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஜானகி பள்ளிக்கூடத்தில் சாப்பிட மாட்டாள். மணி அடித்ததும் வீட்டுக்குப் போவாள். கழுவிய கை ஈரத்தோடு, வாயைத் துடைத்தபடி திரும்பி வருவாள். என்ன சாப்பாடு என்று கேட்டால் வர்ணிப்பாள். "எங்காத்துல இன்னிக்கு வெள்ளரிக்கா கூட்டு, டீச்சர். நெய் விட்டுண்டோம்." அவள் சொல்லும்போது நெய் உருகுகிற சத்தமே கேட்கும். எனக்குப் பிறகு யாராவது கவிதை எழுதினால் இவள்தான் என்று நினைத்துக்கொள்வேன். விலாசினிதான் ஒரு நாள் சொன்னாள், அவள் வர்ணிப்பது முந்தின நாள் நம் அடுப்பில் வெந்தது, நெய் ஒன்றுதான் சொந்தக் கைச்சரக்கு என்று.

அந்த வீட்டுக்குப் போய், பிள்ளை இங்கே சாப்பிடட்டும் என்று சொல்ல முடியாது. கதவு அதற்கப்புறம் திறக்காது. அதனால் ஒரு சாஸ்திரம் உண்டாக்கினேன். சாப்பாட்டுக்கு முன்னால் அன்னத்துக்கு ஒரு சுலோகம் சொல்ல வேண்டும், உச்சரிப்பு சுத்தமாக ஜானகிக்கு மட்டும்தான் வருகிறது, ஆனால் சுலோகம் சொன்ன வாய் அந்தப் பந்தியிலேயே சாப்பிட்டாக வேண்டும், பாதியில் எழுந்துபோனால் தோஷம் என்று அவர்கள் வாசலில் போய்ச் சொன்னேன். எந்த நூலில் இருக்கிறது என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு நூலின் பெயரையும் தயாராக வைத்திருந்தேன். ஜானகியின் அம்மா கேட்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"சாஸ்திரம்னா மீறப்படாதுதான். ஏன் டீச்சர், லீவு நாள்லயும் உண்டோ?"

பலகாரம்

புது சாப்பாட்டுப் பட்டியல் வந்தது. ஃப்ரைட் ரைஸ், எலுமிச்சைச் சோறு, புதினாத் துவையல். விலாசினி ஃப்ரைட் ரைஸ் என்ற சொல்லையே ஒரு வாரம் சந்தேகத்தோடு பார்த்தாள். காரட்டைத் தீக்குச்சி அளவுக்கு நறுக்க வேண்டும் என்று செல்வராணி சொல்ல, "தீக்குச்சி கையில் இருந்தா முதல்ல இந்தக் காகிதத்தைத்தான் கொளுத்துவேன்" என்றாள் விலாசினி. ஆனாலும் செய்தாள். நன்றாகவே வந்தது. மொத்தப் பள்ளிக்கூடமும் பேச்சில்லாமல் சாப்பிட்டது. தட்டில் கரண்டி உரசுகிற சத்தம் மட்டும்.

நான் பெருமையோடு வரிசை நடுவே நடந்துபோனேன். இரண்டாம் வகுப்பில், பஜாரில் மூட்டை தூக்குகிறவரின் மகள், பருக்கை மிச்சமில்லாமல் முடித்துவிட்டுத் தட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இன்னும் வேண்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, காத்திருக்கிறேன் என்ற தோரணையில் கேட்டாள்:

"பலகாரம் நல்லா இருந்துச்சு டீச்சர். சோறு எப்பப் போடுவீங்க?"

விரதம்

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மேலே ஆபீசிலிருந்து ஒரு உத்தரவு. ருசி பார்க்கிற பெற்றோர் தினமும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, முறை வைத்து எல்லோரும் வர வேண்டும். உத்தரவில் தப்பே கிடையாது. அதுதான் உத்தரவுகளோடு நமக்குள்ள கஷ்டம். முறைப்படி பார்த்தால் செல்வராணியின் தட்டு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரும். அவளிடம் சொன்னேன். "சரி டீச்சர்" என்றாள். வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்து வந்தது திங்கள்கிழமை. முறைக்கு வந்த அம்மா, தனக்குச் சோமவார விரதம், பதிலுக்குச் செல்வராணியைக் கூட்டிவந்திருப்பதாகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை வந்த மேரிக்கு அந்தோணியார் விரதம். அவளும் தனியே வரவில்லை. வியாழனுக்கு வந்த பீமாவுக்கு ரம்ஜானில் விட்டுப்போன நோன்பு. வெள்ளிக்கு அம்மன் இருக்கிறாள். இவர்கள் யாரும் கூட்டம் போட்டுப் பேசியதாகத் தெரியவில்லை. குழாயடியில் அடுத்தடுத்துக் குடம் வைக்கிறவர்கள், அவ்வளவுதான். ஒருத்தி சாப்பிடுவதற்காக ஒரு வட்டாரமே பட்டினி கிடந்ததை நான் பார்த்தேன். எந்த மதத்திலும் இவ்வளவு சிரத்தையை நான் கண்டதில்லை.

புதன்கிழமைக்குத்தான் சாமி கிடைக்கவில்லை. அன்றைக்கு வந்தவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தனக்கு வயிறு சரியில்லை என்றாள். ஒட்டிய கன்னம், மணிக்கட்டில் நழுவுகிற வளையல். இவள் சாமியே இல்லாமல் விரதம் இருக்கிறவள் என்று எனக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றியதற்கு முன்னாலேயே விலாசினி இன்னொரு தட்டில் சோறு போட்டு, மோரை ஊற்றிப் பிசைந்து, அவள் கையில் திணித்துவிட்டாள்.

"வயிறு கேடானா மோருஞ்சோறு மருந்து, கேட்டோ. மருந்துக்கு விரதம் கிடையாது."

பாம்புக்குச் சாம்பார்

உத்தரவு போட்ட அதிகாரியே ஒரு திங்கள்கிழமை நேரில் வந்தார். நரைத்த மீசை, தோளில் பை, பேச்சு குறைவு. அன்றைக்கு மறுபடியும் பீமாவின் முறை. நோன்பு என்றாள். "இன்றைக்கா?" என்று கேட்டார். "திங்களும் வியாழனும் புண்ணியம் சார்" என்றாள் பீமா, கண் சிமிட்டாமல். அப்படியானால் யார் ருசி பார்ப்பது என்று கேட்டார். செல்வராணி தட்டோடு முன்னால் வந்தாள். இன்றைக்கு இவர் ஒரு வார்த்தை சொன்னால் இந்தத் தட்டு நாளையிலிருந்து இல்லை என்பது எங்கள் நாலு பேருக்கும் தெரியும்.

அவர் பக்கத்திலேயே நின்று அவள் சாப்பிடுவதைப் பார்த்தார். "எங்கனெ உண்டு?" என்று மலையாளத்தில் ருசியை விசாரித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று நான் கண்ணால் கெஞ்சினேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை, பெண்ணே. விலாசினி ஆணியிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சாமி கும்பிட்டாள். செல்வராணி வழக்கம் போலக் கண்ணை மூடினாள். தின்ற சோற்றுக்கு அபிப்பிராயம் கொடுத்தாக வேண்டுமே. "புளி கூடிப்போச்சு சார். வெள்ளிக்கிழமை இதைவிட நல்லா இருந்துச்சு" என்றாள்.

அவர் ஒரு கரண்டி வாங்கிக் குடித்தார். பிறகு ஒரு தட்டு கேட்டு வாங்கிச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டார். முழுத் தட்டு. கையைக் கழுவிவிட்டு, புளி கூடுதல்தான் என்று ஒத்துக்கொண்டார். இதுவரை போன இடங்களில் எல்லாம் சாப்பாடு அமிர்தம் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதாம். உண்மையாக ருசி பார்க்கிற ஆள் இவள்தான், இவளே பார்க்கட்டும், முறை கிறை ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனார். நான் அந்த வாளியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். விலாசினி மட்டும் சந்தோஷப்படவில்லை. அண்டாவுக்குள் கரண்டியை எறிந்துவிட்டுச் சொன்னாள்:

"பாம்புக்குப் பால் வார்த்த கதை கேட்டிருக்கேன் டீச்சரே. சாம்பார் வார்த்தவ நான் ஒருத்திதான்."

ஏப்ரல்

கோடை விடுமுறை என்றால் மற்றப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடுவார்கள். எங்கள் பிள்ளைகளும் ஓடினார்கள். சில பேர் வாசலில் நின்று ஸ்பெஷல் கிளாஸ் உண்டா என்று கேட்டார்கள். தமிழ் இலக்கணத்துக்கு ஸ்பெஷல் கிளாஸ் கேட்டுப் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்து, என் முப்பது வருஷ உழைப்பு வீண்போகவில்லை என்று புது வாத்தியார் பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

அரிசி இல்லை, அடுப்பு இல்லை, வாளி கவிழ்ந்துகிடக்கிறது. செல்வராணி இரண்டு மாதம் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் செய்ய மாட்டாள். கொடுத்தால் வாங்கவும் மாட்டாள். அதனால் வயசைத் துணைக்கு அழைத்தேன். நாக்கு மரத்துப்போய்விட்டது, உப்பு தெரியவில்லை, தினமும் மத்தியானம் வீட்டுக்கு வந்து என் சமையலை ருசி பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். பாதி உண்மை. ஒரு தட்டுக்குச் சமைக்கிறவர்களுக்கு உப்பு போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன. ஜானகியையும் வரச் சொன்னேன். பந்தி என்றால் சுலோகம் வேண்டுமே. லீவு நாளிலும் உண்டா என்று அவள் அம்மா கேட்டதற்கு நான் பதில் பாக்கி வைத்திருந்தேன்.

செல்வராணி இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். என் தந்திரம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. என் சாம்பாரைச் சோற்றோடு பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். கண்ணை மூடினாள். திறந்து, என்னையும் என் ஒற்றைத் தம்ளரையும் சுவர்க் கடிகாரத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இதுல ருசி பாக்க ஒண்ணுமில்ல டீச்சர். நகருங்க, நான் வெச்சுத் தாரேன்."

கடைசியாக

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது விலாசினியின் முழங்கால் திறக்கவில்லை. மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். புது ஆள் தேட வேண்டிய சமயத்தில் தலைமையாசிரியர் செல்வராணிக்குச் சமையல் அனுபவம் உண்டா என்று கேட்க, விலாசினி போனிலேயே, "என் சாம்பாரை இத்தனை நாள் திட்டியிருக்கா, அதைவிட என்ன அனுபவம் வேணும்?" என்று சாட்சி சொன்னாள்.

செல்வராணி இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தின் சமையல்காரி. சமைக்கிறவளே ருசி பார்க்கக் கூடாது என்று விதி இருப்பதால் தினமும் பன்னிரண்டு மணிக்குக் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் நான் போய் உட்காருகிறேன், பெரிய தட்டோடு.